வெடி எத்தனை மணிக்கு?

(எழுதியவரின் அடையாளம் தெரியாதிருக்கப் பெயரும் ஊரும் தவிர்க்கப்பட்டுள்ளன.)

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியிலிருந்து, பணி ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர் நான்கு பக்கக் கடிதம் எழுதியிருக்கிறார். கணவர் காலமாகி எட்டு ஆண்டுகள். மகன் குடும்பத்தோடு வளைகுடாவில். வீட்டில் துணைக்கு இருப்பது குட்டன் என்ற ஆறு வயது நாட்டு நாய். ரப்பர் பால் வெட்டப் போகும் ஒருவர் தோட்டத்தில் கண்டெடுத்துக் கொண்டுவந்து கொடுத்த குட்டி அது. கத்தோலிக்க ஆலயம் வீட்டிலிருந்து கூப்பிடு தூரம்.

சென்ற ஆண்டு டிசம்பரில், ஆலயத் திருவிழாவின் கடைசி நாளான பத்தாம் திருவிழா இரவு, வாணவேடிக்கை தொடங்கியதும் குட்டன் சங்கிலியை அறுத்துக்கொண்டு ஓடிவிட்டான். இரண்டு நாள் கழித்து ஒரு ரப்பர் தோட்டத்தில் கிடைத்தபோது முன்கால் நகங்கள் இரண்டு பிய்ந்திருந்தன. அடுத்த வாரம் கேரல் குழு வீட்டுக்கு வந்தபோது, கிறிஸ்துமஸ் தாத்தா வேடமிட்டிருந்த பையனின் கையைக் கவ்வினான். பல் பட்டு ரத்தம் வந்தது. இந்த ஆண்டு மகனும் பேரப்பிள்ளைகளும் வருகிறார்கள். டிசம்பர் முதல் வாரம் கொடியேற்று.

ஆளுக்கொரு யோசனை சொல்கிறார்களாம். ஒரு மூடி பிராந்தி கொடுத்துப் படுக்க வைக்கலாம் என்கிறார் அண்ணன். மருந்துக் கடைக்காரர் தூக்க மாத்திரை ஒன்றைக் கொடுத்திருக்கிறார். பயப்படும்போது தடவிக் கொடுத்தால் பயம் கூடும், கண்டுகொள்ளாதே என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர். காரில் ஏற்றி எங்காவது கொண்டுபோய்விடலாம் என்கிறார் மகன். யாருக்காவது கொடுத்துவிடு என்று சொன்னவர்களும் உண்டு. போலீசில் புகார் செய்ய வழியிருக்கிறதா, சொந்த ஊர்த் திருவிழாவுக்கு எதிராக அப்படிச் செய்வது சரியா என்று கேட்டிருக்கிறார். கடைசி வரி: "தேர் வரும்போது கும்பிட வேண்டிய நான், வெடி சீக்கிரம் முடியட்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். இது பாவமா டாக்டர்?"

கால்நடை மருத்துவரின் பதில்:

டீச்சர், உங்கள் கடிதம் அக்டோபர் நடுவிலேயே வந்தது நல்லதாயிற்று. இந்த வகைக் கடிதங்கள் பெரும்பாலும் டிசம்பர் 23ஆம் தேதி வரும். அப்போது நான் சொல்லக்கூடியது கதவைச் சாத்துங்கள் என்பது மட்டும்தான். உங்களுக்கு ஆறேழு வாரம் இருக்கிறது.

முதலில், மூன்றாம் பக்கத்தில் நீங்கள் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரியைப் பிடித்துக்கொள்கிறேன். குட்டனுக்கு முதல் மூன்று வயது வரை வெடிக்குப் பயமே இல்லை. ஸ்கூட்டர் மோதிய பிறகுதான் தொடங்கியது. காலையில் எழுந்திருக்க இப்போது கொஞ்ச நேரம் எடுத்துக்கொள்கிறான். நீங்கள் இதை வயதின் கணக்கில் எழுதியிருக்கிறீர்கள். ஆறு வயது நாட்டு நாய்க்கு அது வயதே இல்லை. இடுப்பிலோ முதுகிலோ வலி உள்ள நாய், திடீர்ச் சத்தத்தில் உடம்பை இறுக்கும்போது அந்த வலி கூடும். சத்தம் என்றால் வலி என்று அதன் மனத்தில் பதிந்துவிடும். 2018இல் வெளிவந்த ஒரு சிறிய ஆய்வு, 20 நாய்களை மட்டும் வைத்துச் செய்தது, மூட்டு மற்றும் தசை வலிக்கும் சத்தப் பயத்துக்கும் இப்படி ஒரு தொடர்பு இருக்கலாம் என்று காட்டியது. வலி உள்ள நாய்களிடம் இந்தப் பயம் சற்று வயதான பிறகே தொடங்கியிருந்ததும் அதில் தெரிந்தது. ஆகவே உங்கள் முதல் வேலை, இந்த மாதத்திலேயே ஒரு கால்நடை மருத்துவரிடம் கொண்டுபோய் இடுப்பையும் பின்னங்கால்களையும் பார்க்கச் சொல்வது. எக்ஸ்ரே வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். வலி இருந்து அதைக் கவனிக்காமல் விட்டால், நான் கீழே எழுதப்போகும் எதுவும் முழுப் பலன் தராது.

தடவிக் கொடுக்கலாமா?

தாராளமாக. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை ஒரு காலத்தில் எங்கள் ஆட்களே சொல்லிவந்தார்கள், அவர்மேல் பிழையில்லை. "உட்கார்" என்றதும் உட்கார்ந்த நாய்க்குத் தின்ன ஏதாவது கொடுத்தால் அது மறுபடி உட்காரும். அது நாய் தானாகச் செய்யும் செயல். பயம் செயல் அல்ல, உணர்ச்சி. இடிக்கு நடுங்கும் பேரனை நீங்கள் மடியில் வைத்துக்கொண்டால் அவன் மறுமுறை மடிக்காக நடுங்குவதில்லை. குட்டன் உங்களிடம் வந்து ஒட்டினால் ஒட்டட்டும். மெல்லப் பேசுங்கள், நெஞ்சுப்பக்கம் நிதானமாகத் தடவுங்கள். கட்டிலுக்கடியில் போய் ஒளிந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள். இழுத்து வெளியே எடுத்து "ஒன்றுமில்லை பார்" என்று காட்டுவதுதான் பயத்தைக் கூட்டும். திட்டுவதும் அப்படியே.

பிராந்தியும் தூக்க மாத்திரையும்

அண்ணன் கோபித்துக்கொள்ளக் கூடாது. மனிதனுக்கு ஒரு மூடி என்பது பதினைந்து கிலோ நாய்க்குச் சிறு அளவல்ல. மது நாயின் ரத்தச் சர்க்கரையையும் உடல் வெப்பத்தையும் இறக்கும், மூச்சை மந்தமாக்கும், வாந்தி எடுத்தால் புரையேறி நுரையீரலுக்குள் போகும். பயமோ அப்படியே இருக்கும். தள்ளாடுவதால் ஓட முடியாது, அவ்வளவுதான்.

மருந்துக் கடையில் வாங்கிய மாத்திரையின் பெயரையும் எழுதியிருந்தீர்கள். அதை இங்கே அச்சிட வேண்டாம் என்று ஆசிரியரைக் கேட்டுக்கொண்டேன், இன்னொருவர் வாங்கிவிடுவார். மனிதர்களுக்கான அந்த மாத்திரையைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நாய்களுக்கென்றே பல காலமாகக் கொடுத்துவரும் அசிப்புரோமசின் என்ற மருந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதை மட்டும் கொடுத்தால் நாய் அசையாமல் படுத்துக்கொள்ளும், பார்ப்பவர்களுக்கு நிம்மதியாக இருக்கும். ஆனால் பயம் குறைவதில்லை; சில நாய்களில் சத்தத்தின் கூர்மை கூடவும் செய்கிறது. கை கால் கட்டப்பட்டு, காது மட்டும் திறந்திருப்பதைப் போன்ற நிலை அது. பயத்தைத் தணிக்கும் மருந்துகள் வேறு இருக்கின்றன: கபாபென்டின், டிரசடோன் போன்றவை. குட்டனின் எடை, கல்லீரல், சிறுநீரகம், இதயம் பார்த்து ஒரு மருத்துவர்தான் அளவு சொல்ல வேண்டும். அவர் எழுதிக் கொடுத்தால் இரண்டு விஷயம் நினைவிருக்கட்டும். திருவிழாவுக்கு முன் ஒரு சாதாரண நாளில் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எப்போதாவது ஒரு நாய் அமைதியாவதற்குப் பதில் பரபரக்கும், அதை வெடி நாளில் கண்டுபிடிக்கக் கூடாது. அடுத்தது, இவை வேலை செய்ய ஒன்றரை இரண்டு மணி நேரம் ஆகும். முதல் வெடி கேட்டபின் கொடுத்த மாத்திரை பெரும்பாலும் வீண். எல்லாம் நேரத்தில்தான் இருக்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இந்த ஆறு வாரத்தில்

வெடிச்சத்தத்தைக் கைபேசியில் மிகமிக மெதுவாக, குட்டன் காதை மட்டும் திருப்பும் அளவுக்கு வைத்து, சத்தம் வந்த உடனே வாயில் ஒரு துண்டு போடுங்கள். உப்பில்லாமல் அவித்து முள் எடுத்த சூரை மீன், கோழி ஈரல், எது அவனுக்கு உயிரோ அது. வரிசை முக்கியம்: முதலில் சத்தம், பிறகு தீனி. மாற்றிச் செய்தால் தீனியைக் கண்டாலே பயப்படப் பழகுவான். ஒருவேளைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளைக்கு இரண்டு வேளை. சில நாளுக்கொருமுறை சத்தத்தை ஒரு புள்ளி கூட்டலாம். மூச்சிரைத்தாலோ, உதட்டை நக்கிக்கொண்டே இருந்தாலோ, தீனியை மறுத்தாலோ நீங்கள் அவசரப்பட்டுவிட்டீர்கள் என்று பொருள். பழைய அளவுக்குப் போங்கள்.

இதன் எல்லையையும் சொல்லிவிடுகிறேன். கைபேசியின் சிறு ஒலிபெருக்கியில், இரும்புக் குழாயில் மருந்து கிட்டித்து வெடிக்கும் கதினாவின் "தொம்" வராது. தரை வழியாக வயிற்றில் விழும் சத்தம் அது. செண்டை கொட்டும் சிங்காரி மேளத்தின் அடியும் அப்படித்தான். மகன் வாங்கி வைத்திருக்கும் பெரிய ஸ்பீக்கர் இருந்தால் அதில் வையுங்கள். ஐப்பசி இடி வேறு உங்கள் பாடத்திட்டத்தைக் கெடுக்கும். இடி விழும் நாளில் பயிற்சி வேண்டாம். ஒவ்வொரு இடிக்கும் ஒரு துண்டு மீன் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பயத்தில் தின்னாவிட்டால் விட்டுவிடுங்கள்.

இதோடு அவனுக்கு ஒரு பதுங்கிடம் அமையுங்கள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மழைக்கு இடித்தால் அரிசி வைக்கும் ஜன்னலில்லாத அறைக்குள் போய்விடுகிறான் என்று. இடத்தை அவனே தேர்ந்தெடுத்துவிட்டான். உங்கள் பழைய புடவை ஒன்று, தண்ணீர், கதவுக்கு வெளியே ஒரு மின்விசிறி, அதன் இரைச்சலோடு வானொலி. சாப்பாட்டை இப்போதிருந்தே சில நாள் அங்கே வையுங்கள். கதவை வெளியே தாழிடாதீர்கள். வீட்டுக்குள்ளே அவன் விரும்பினால் நடக்கட்டும். காதில் பஞ்சு வைக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். அவன் தலையை உதறாமல் ஏற்றுக்கொண்டால் பெரிய உருண்டையாக வெளிக்காதில் வைக்கலாம், உள்ளே திணிக்கக் கூடாது, பிறகு மறக்காமல் எடுக்க வேண்டும். பெரும்பாலான நாய்கள் உதறிவிடும்.

சங்கிலி, கிணறு, கேரல் குழு

வெடி நேரத்தில் சங்கிலி வேண்டவே வேண்டாம். சென்ற ஆண்டு அறுந்தது அவனுடைய நல்லகாலம். அறாத சங்கிலியில், மதிலின் அந்தப் பக்கம் தாவிக் கழுத்து இறுகிச் செத்த நாய்களை நான் பார்த்திருக்கிறேன். வீட்டுக்குள், இரண்டு கதவுகளுக்குப் பின்னால் இருக்கட்டும். மாலை வெளிச்சம் இருக்கும்போதே கயிற்றில் பிடித்து வெளியே கொண்டுபோய் வந்துவிடுங்கள். கழுத்துப்பட்டையில் உங்கள் கைபேசி எண் எழுதிய தகடு ஒன்று இருக்கட்டும். உங்கள் கிணற்றுக்கு மேல் வலை இருக்கிறதா? மிரண்டு ஓடும் நாய் இருட்டில் கைப்பிடிச்சுவரைத் தாண்டுகிறது. மறுநாள் தீயணைப்புத் துறையைக் கூப்பிட வேண்டியிருக்கும்.

அந்தப் பையனைக் கடித்தது "குணம் மாறிவிட்டது" என்பதற்கு அடையாளம் அல்ல. ஒரு வாரத்துக்கு முன் உயிர்ப்பயத்தில் ஓடிய, நகம் பிய்ந்து வலியோடு இருந்த நாய். அதன் முன்னால் முகமில்லாத ஒரு சிவப்பு உருவம் மேளத்தோடு முற்றத்துக்குள் வந்து கையை நீட்டியது. நானாக இருந்தாலும் யோசித்திருப்பேன். ஆனால் நீங்கள் எழுதியதில் ஒன்றைத் திருத்தியே ஆக வேண்டும். குட்டனுக்கு வெறிநாய்த் தடுப்பூசி போட்டிருப்பதால் பையனுக்கு ஊசி வேண்டாம் என்று நினைத்து, மஞ்சள் வைத்து அனுப்பியிருக்கிறீர்கள். பத்து மாதம் ஆகிவிட்டது, குட்டனும் நலமாக இருக்கிறான், அதனால் அந்தப் பையனைப் பற்றி இப்போது கவலை வேண்டாம். இனி ஒருமுறை நடந்தால், மஞ்சளும் சுண்ணாம்பும் கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவி, உடனே அரசு மருத்துவமனைக்கு அனுப்புங்கள். ஊசி வேண்டுமா என்பதை அங்குள்ள மருத்துவர் முடிவு செய்யட்டும், நாயின் சொந்தக்காரர் முடிவு செய்யக் கூடாது. நாயைக் கவனக்குறைவாக வைத்திருந்து பிறருக்கு ஆபத்து வந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 291ஆம் பிரிவில் ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ உண்டு. உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கேரல் குழு எந்த நாள் உங்கள் அன்பியத்துக்கு (பங்கில் உங்கள் பகுதிக் குடும்பங்களின் குழுவுக்கு) வருகிறது என்று கேட்டு, அன்று அவனை முன்கூட்டியே உள்ளே விட்டுவிடச் சொல்கிறேன். பேரப்பிள்ளைகளுக்கும் ஒரு விதி: குட்டன் அரிசி அறையில் இருந்தால் யாரும் உள்ளே தவழ்ந்து போகக் கூடாது.

கேக்கும் முந்திரிக்கொத்தும்

நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் பண்டிகை நாளில் என்னிடம் வரும் நாய்களில் வெடியைவிடப் பலகாரத்தால் வருபவை குறைவில்லை. முந்திரிக்கொத்து, திராட்சைக்குலை போல ஒட்டியிருப்பதால் அந்தப் பெயர் பெற்றது என்பார்கள் (முந்திரி என்றால் இங்கே திராட்சை). உள்ளே இருப்பது சிறுபயறும் வெல்லமும் தேங்காயும். ஒன்று விழுந்து தின்றுவிட்டால் வயிறு கொஞ்சம் கெடலாம், அவ்வளவே. பெயரில் திராட்சை இல்லாத பிளம் கேக்கில்தான் ஆபத்து. உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்று கணக்குச் சொல்ல முடியாது. ஒரு நாய்க்கு ஒன்றும் ஆகாது, இன்னொன்று சிறிதளவிலேயே படுத்துவிடும். சாக்லேட்டும் கூடாது, கறுப்பு நிறம் கூடக்கூட நஞ்சும் கூடும். தின்றுவிட்டால் உப்புத்தண்ணீர் புகட்டி வாந்தி எடுக்க வைக்காதீர்கள்; அந்த உப்பே கொல்லும். இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவரிடம் கொண்டுபோனால் அவர் ஊசியில் வாந்தி எடுக்க வைப்பார். மறுநாள் காலை முற்றத்தைப் பெருக்காமல் அவனை வெளியே விடாதீர்கள். வெடிக்காத படக்கத்தின் (பட்டாசின்) மருந்தும் நஞ்சு.

கொண்டுபோய்விடலாமா, கொடுத்துவிடலாமா?

மகனின் யோசனை முழுக்கத் தவறல்ல. ஆனால் டிசம்பரில் நம் மாவட்டத்தில் வெடி கேட்காத ஊர் எது? கோட்டாறு சவேரியார் கோயில் திருவிழா முடிந்த கையோடு ஒவ்வொரு ஊராகத் தொடங்கி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு என்று போகும்; இடையே சுசீந்திரத்தில் மார்கழித் தேர். பேச்சிப்பாறைப் பக்கம் கொழுந்தியார் வீடு இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மலையடிவாரம், சத்தம் குறைவு. நவம்பரிலேயே பகலில் இரண்டு முறை அழைத்துப்போய், ஒரு இரவு நீங்களும் தங்கிப் பாருங்கள். அவன் சாப்பிட்டுத் தூங்கினால் பத்தாம் திருவிழா இரவுக்கு அது நல்ல வழி. பழக்கமில்லாத இடத்தில் கடைசி நேரத்தில் விட்டுவிட்டு வருவது, ஓடிப்போக வழி செய்வதாகும். காருக்குள் பூட்டி வைப்பதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். கொடுத்துவிடுவதைப் பற்றி நான் ஒன்றும் எழுதப்போவதில்லை. நான்கு பக்கத்தில் அதற்கு நீங்களே ஒரு வரிதான் ஒதுக்கியிருக்கிறீர்கள்.

புகார் செய்வதா?

நான் வழக்கறிஞர் அல்ல, தெரிந்ததைச் சொல்கிறேன். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபர் 23 அன்று பட்டாசு வழக்கில் நேரம் குறித்தது. தீபாவளிக்கும் அதுபோன்ற மற்ற விழாக்களுக்கும் இரவு 8 முதல் 10 மணி வரை; தமிழ்நாட்டுத் தீபாவளிக்கு அது பிறகு காலை 6 முதல் 7, இரவு 7 முதல் 8 என்று பிரிக்கப்பட்டது. கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் முந்தைய இரவில் 11.55 முதல் 12.30 வரை. வெடிக்கும் இடத்திலிருந்து நான்கு மீட்டரில் 125 டெசிபலைத் தாண்டும் வெடிக்குத் தடை உண்டு. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றி நூறு மீட்டர் அமைதிப் பகுதி. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது. ஆண்டில் 15 நாளுக்கு மிகாமல் நள்ளிரவு வரை மாநில அரசு தளர்த்தலாம். வேண்டுமென்றே ஒரு நாய்மேல் வெடியைப் போட்டு ஊனமாக்கினால் அது வேறு கதை. பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவில் ஐந்து ஆண்டு வரை சிறை உண்டு, அங்கே தயங்காமல் காவல் நிலையம் போகலாம்.

ஊர் வாணவேடிக்கைக்கு எதிராகப் போகும் உரிமையும் இருக்கிறது. ஆனால் அதனால் குட்டனுக்கு என்ன கிடைக்கும் என்று நினைத்துப் பாருங்கள். இரவு பத்தரைக்குப் போலீஸ் வருவதற்குள் அவன் ஓடியிருப்பான். பிறகு ஆண்டு முழுவதும் அதே தெருவில் நீங்கள் இருவரும் நடக்க வேண்டும்.

சென்ற ஆண்டு உங்களைத் தோற்கடித்தது சத்தம் மட்டுமல்ல. தேர் திரும்பி வந்ததும் வெடி என்றார்கள், எட்டரை ஆயிற்று, ஒன்பதரை ஆயிற்று, இனி இருக்காது என்று நினைத்து அவனை முற்றத்தில் கட்டிவிட்டு நீங்கள் சாப்பிட உட்கார்ந்தீர்கள். இதை எழுதியது நீங்கள்தான். நேரம் தெரிந்திருந்தால் மாத்திரையை அதற்கு இரண்டு மணி நேரம் முன் கொடுக்கலாம், அதற்கும் முன் நடத்திக் கூட்டிவரலாம், சோறு வைக்கலாம், கதவைச் சாத்தலாம். ஆகவே ஆலயக் காரியங்களைக் கவனிக்கும் பங்குப்பேரவைக் கமிட்டியிடம் வெடியை நிறுத்தச் சொல்லாதீர்கள், நேரத்தைக் கேளுங்கள். நிகழ்ச்சி நிரலில் தேர்ப்பவனிக்கு நேரம் போடுகிறார்கள், வாணவேடிக்கைக்கும் போட்டு, தொடங்க அரைமணி முன்பு ஒலிபெருக்கியில் ஒருமுறை சொன்னால் போதும். கைக்குழந்தை உள்ளவர்களும், படுக்கையில் கிடக்கும் முதியவர்களும், மாடு கட்டியிருப்பவர்களும் உங்களோடு சேர்ந்துகொள்வார்கள். கமிட்டியில் பாதிப்பேர் உங்களிடம் படித்தவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அதைப் பயன்படுத்த இதைவிட நல்ல சமயம் வராது.

உங்கள் கடைசி வரிக்குப் பதில் சொல்லும் தகுதி எனக்கில்லை டீச்சர். பாவமா என்பதைப் பங்குத்தந்தையிடம்தான் கேட்க வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் போய்க் கேளுங்கள். அப்படியே வெடி எத்தனை மணிக்கு என்றும் கேட்டுக்கொண்டு வாருங்கள்.